எழுதிக் கொடுங்கள், திருத்திவிடுகிறோம்

ஒரே டிபி (கட்டிடத்தின் சர்க்யூட்டுகள் பிரியும் மின்பெட்டி), அதே வயரிங். போன முறை பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டார். இந்த முறை வந்தவர் அதே டிபியைப் பார்த்து, இது ஆபத்து, உடனே மாற்ற வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். இடையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் தொடவில்லை. கட்டிடத்துக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "அப்போ நீங்க அன்னைக்குச் சரியாச் செய்யலையா, இல்ல இப்ப வந்தவர் சும்மா சொல்றாரா?" எந்தப் பதிலைச் சொன்னாலும் யாரோ ஒருவர் மேல் பழி விழும்.

வயரிங் வேலை, ஃபயர் அலாரம், ஸ்ப்ரிங்க்ளர் பைப், தீத்தடுப்புக் கதவு என்று எந்த வேலையில் இருப்பவரோடு பேசினாலும் இதே புலம்பல்தான். வெளியில் இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு, இவர்களுக்கு ஆய்வு என்றாலே ஆகாது, கறாராகப் பார்த்தால் கசக்கிறது என்று நினைக்கிறார்கள். நான் தொழிலில் அதிகம் மதிக்கிற ஆய்வாளர், நான் பார்த்தவர்களிலேயே மிகக் கறாரானவர். மீட்டரை எடுக்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். கம்பி முனையில் லக் கிரிம்ப் செய்த, அதாவது உலோக முனையை நசுக்கிப் பொருத்திய, இடத்தை இழுத்துப் பார்ப்பார். குறை எழுதினால் எந்த விதி, எந்தப் பிரிவு, ஏன் என்று மூன்றையும் எழுதுவார். அவர் வருகிறார் என்றால் வேலை இரண்டு நாள் கூடுதலாக இழுக்கும். ஆனால் மறுமுறை வர வேண்டியிருக்காது. அவர் சொன்னதைப் போய்ப் படித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். கறார் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆளுக்கு ஒரு சட்டம் என்பதுதான் பிரச்சினை.

ஆர்சிசிபியை எடுத்துக்கொள்வோம். மனிதர் மேல் கரண்ட் பாயும்போது சப்ளையைத் துண்டிக்கும் (டிரிப் ஆகும்) கருவி. 30 மில்லி ஆம்பியர் கருவியாக இருந்தால், 15 மில்லி ஆம்பியர் கசிவில் டிரிப் ஆகக் கூடாது, 30-இல் 300 மில்லி விநாடிக்குள் டிரிப் ஆக வேண்டும், அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 150 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். இதைப் பார்க்க மீட்டர் வேண்டும், ஒவ்வொரு சர்க்யூட்டாகப் போக வேண்டும், நேரம் ஆகும். ஒருவர் இதைச் செய்வார். இன்னொருவர் கருவியின் மேல் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கி, "டக்" என்று விழுந்ததும் டிக் அடித்துவிட்டுப் போவார். அந்தப் பட்டன் கருவிக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. வெளியே எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பட்டனை அமுக்கினால் டிரிப் ஆகும். இரண்டு பேரின் அறிக்கையிலும் ஒரே வரிதான் இருக்கும்: ஆர்சிசிபி சோதிக்கப்பட்டது.

எர்த் ரெசிஸ்டன்ஸ், அதாவது எர்த் குழி வழியாகக் கரண்ட் மண்ணுக்குள் போவதற்கு இருக்கும் தடை, அந்த விஷயத்தில் இன்னும் குழப்பம். ஒருவர் 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார், இன்னொருவர் 5, வேறொருவர் 10. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று கேட்டால், "எப்பவும் அப்படித்தான்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். கட்டிடத்திலேயே எர்த் குழி தோண்டி, ஆர்சிசிபியை நம்பி இருக்கும் அமைப்பில் கணக்கு எளிது: எர்த் ரெசிஸ்டன்ஸை டிரிப் கரண்டால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 30 மில்லி ஆம்பியருக்கு அது 1,600 ஓமைத் தாண்டிப் போகும். அதற்காக யாரும் அப்படி விட மாட்டோம்; 200 ஓமைத் தாண்டினாலே அந்த எர்த்தை நம்ப முடியாது, மண் காய்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஆனால் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்குக் கேட்க வேண்டிய எண்ணை ஒரு சின்ன வீட்டுக்குக் கேட்டால், குழிக்கு மேல் குழி தோண்டியே வேலை செய்பவரின் கூலி போய்விடும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது அளந்து ஒப்புக்கொண்டதை, கோடையில் வேறொருவர் வந்து அளந்துவிட்டுத் தவறு என்று எழுதுவதும் நடக்கிறது. எந்தப் பருவத்தில், எந்த முறையில் அளந்தது என்ற குறிப்பு இரண்டு தாளிலும் இருக்காது.

கேபிள் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களும் உண்டு. தீ எளிதில் பரவாத, புகை குறைவான கேபிள் என்பது ஒன்று. தீக்குள் இருந்தபடியே கரண்டைக் கடத்திக்கொண்டிருக்கும் கேபிள் என்பது வேறு. முதலாவதில் தீ பரவுகிறதா என்பதை ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் 60332 வகைச் சோதனையில் பார்க்கிறார்கள், இரண்டாவதை ஐஇசி 60331-இல். பின்னதில் கேபிளை 830 டிகிரி தீயில் வைத்து, அது தொடர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், எனவே கம்பி உருகாது. மேல் உறை எரிந்து கம்பிகள் ஒன்றோடொன்று பட்டு ஷார்ட் ஆவதைத் தடுக்கத்தான் உள்ளே மைக்கா டேப் சுற்றுகிறார்கள். ஃபயர் பம்ப்புக்கும் அலாரத்துக்கும் புகையை வெளியேற்றும் விசிறிக்கும் வேண்டியது இந்த இரண்டாவது வகை. சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் சரி என்று போகிறவர் இருக்கும் வரை, விலை குறைந்த முதல் வகையைச் சிவப்பு உறையில் வாங்கி இழுத்துவிட்டுப் போகிறவரும் இருப்பார். ஒழுங்கான கேபிளுக்கு விலை போட்டவர் அந்த வேலையை அவரிடம் இழப்பார்.

இரண்டு துறைகள் ஒரே கட்டிடத்தில் மோதிக்கொள்ளும்போது படும் பாடு தனி. ஃபயர் பம்ப் மோட்டாருக்கு ஓவர்லோடு டிரிப், அதாவது அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு, வைக்கலாமா, கூடாதா? மின் ஆய்வுக்கு வந்தவர், எல்லா மோட்டாருக்கும் ஓவர்லோடு ரிலே வேண்டும், இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று குறை எழுதினார். ரிலே போட்டோம். தீயணைப்புத் தரப்பில் வந்தவர் அதைப் பார்த்ததும் கொதித்துப் போனார். தீ எரிந்துகொண்டிருக்கும்போது பம்ப் சூடாகிறது என்று ரிலே அதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மோட்டார் எரிந்து போனாலும் பரவாயில்லை, தண்ணீர் வர வேண்டும். வயரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60364-இன் 4-43 பகுதியே, திடீரென்று சப்ளை நின்றால் ஆபத்து வரக்கூடிய சர்க்யூட்டுகளில் ஓவர்லோடு பாதுகாப்பை விட்டுவிடலாம் என்கிறது. தீயணைப்புக் கருவிகளுக்குப் போகும் சர்க்யூட்டை உதாரணமாகவே குறிப்பிடுகிறது. டிரிப்புக்குப் பதிலாக ஓவர்லோடு ஆனால் அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு மட்டும் இருந்தாக வேண்டும்.

விடை புத்தகத்தில் தெளிவாக இருந்தது. ஆனால் நாங்கள் ரிலே போட்டு, கழற்றி, மறுபடி போடச் சொல்லிக் கடிதம் வாங்கி, அதற்குப் பதில் எழுதி அலைந்தோம். இரண்டு தரப்புக்கும் நடுவில் பிரதியெடுத்த பக்கங்களோடு ஓடியது நான். அந்தச் சில வாரங்கள் முழுக்கக் கட்டிடத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள். எந்தக் கடிதம் கடைசியாக வந்ததோ, அதற்கு ஏற்றபடி பம்ப் இருந்தது. அந்த நாட்களில் தீ பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை யோசித்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பின்னர் எப்படியோ இரண்டு பேரையும் ஒரே நாளில் பம்ப் ரூமுக்கு வரவழைத்தோம். பக்கத்தைக் காட்டியதும் மின் ஆய்வாளர் படித்துப் பார்த்து, சரி என்று அங்கேயே குறையை அடித்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு அலுவலகமும் அதுவரை ஒரு முறைகூடப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூஸ் கனெக்‌ஷன்தான் தீக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அது சூடாவதைக் கேமரா காட்டிக்கொடுக்கும். ஆனால் கரண்ட் பாய்ந்தால்தான் சூடாகும். ஆள் இல்லாத கட்டிடத்தில், லோடே இல்லாத நேரத்தில் படம் எடுத்து நீலமாக இருக்கிறது, நல்லபடியாக இருக்கிறது என்று அறிக்கை கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

விதிகள் ஏன் வந்தன என்று தெரிந்தவர்கள் இதில் இவ்வளவு வேறுபட மாட்டார்கள் என்பது என் எண்ணம். வயரிங்குக்கான முதல் பிரிட்டிஷ் விதிகள் 1882-இல் வந்தபோது, அவற்றின் தலைப்பிலேயே மின்விளக்கால் வரும் தீ அபாயத்தைத் தடுப்பது என்றுதான் இருந்தது. ஷாக் அடிப்பதைவிடத் தீயைப் பற்றிய பயம்தான் இந்தத் தொழிலின் விதிகளைப் பிறப்பித்தது. இப்போதைய விதிகளிலும் பலவற்றுக்குப் பின்னால் யாரோ இறந்திருக்கிறார்கள். 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஷெர்லி டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் கட்டிடத் தீயில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். சூட்டில் பிளாஸ்டிக் தாங்கிகள் இளகி, மேலே ஓடிய கேபிள்கள் தொங்கி, அவர்கள் மேல் சிக்கிக்கொண்டன. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் விதிகள், தீயில் சீக்கிரம் விழுந்துவிடாத தாங்கிகளைக் கொண்டே கேபிளைப் பிடிக்க வேண்டும் என்று வந்தன. முதலில் வெளியேறும் பாதைகளுக்கு, 2018 பதிப்பில் எல்லா இடங்களுக்கும். இதை ஒரு ஹெல்பரிடம் சொல்லிவிட்டு மெட்டல் கிளிப் கொடுத்தால் அவன் ஒரு இடத்தையும் விட மாட்டான். "இன்ஸ்பெக்டர் கேட்பார், போட்டுத் தொலை" என்று சொன்னால், இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் போடுவான்.

சின்னக் குறையைப் பிடித்துப் பெரிய ஆபத்தை விட்ட கதைக்கு உலகமே அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' இரவு விடுதியில் நடந்த தீ விபத்தில் 100 பேர் இறந்தார்கள். மேடையில் கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி, சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஃபோமில் பற்றியது. அந்த இடத்தில் தீப் பாதுகாப்பு ஆய்வு நடக்காமல் இல்லை. மேடைப் பக்கக் கதவு உள்நோக்கித் திறக்கிறது என்று குறை எழுதிய ஆய்வாளர், சுவரில் இருந்த ஃபோமை எழுதவில்லை. அவரிடம் இருந்த பட்டியலில் கதவு இருந்திருக்கும், கண்ணும் பட்டியலோடு போயிருக்கும். இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் டிபியில் லேபிள் ஒட்டவில்லை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு, தலைக்கு மேல், கேபிளும் பைப்பும் மாடி மாடியாக ஏறும் ஷாஃப்டில் திறந்து கிடக்கும் ஓட்டையைப் பார்க்காமல் போனவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

அந்த ஓட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. தீத்தடுப்புச் சுவரில் கேபிளுக்காகத் துளை போடுபவர் எலக்ட்ரீஷியன். பைப்புக்காகப் போடுபவர் பிளம்பர். ஏசிக்காரரும் நெட்வொர்க் கேபிள் இழுப்பவரும் ஆளுக்கு ஒன்று போடுவார்கள். அதை அடைப்பது யார் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்காது. சிமெண்டால் அடைத்தால் ஒருவர் ஒப்புக்கொள்வார், இன்னொருவர் சோதனைச் சான்றுள்ள சீலண்ட் கேட்பார். பின்னவர் கேட்பதே சரி. எந்தச் சுவர், எந்தக் கேபிள், எவ்வளவு அகலம் என்று சேர்த்துச் சோதித்த முறைதான் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தாங்கும். சாதாரண ஃபோமை அடித்து நிறத்தால் ஏமாற்றுவதும் நடக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கைத் தூக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. சான்றிதழ் கொடுத்த அடுத்த வாரமே வேறொருவர் வந்து புதுத் துளை போடுவார், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

ஆய்வாளர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தலையில் எத்தனையோ கட்டிடங்கள். தீயணைப்பிலிருந்து வருபவருக்கு வயரிங் ஆழமாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். மின் துறையிலிருந்து வருபவருக்குத் தீ எப்படிப் பரவும் என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். விதிகளே பல இடங்களில் 'போதுமான', 'பொருத்தமான' என்று எழுதிவிட்டு, அளவை ஆய்வாளரின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. 1897 முதல் இருந்துவரும் அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பில் 90.4 பிரிவு, விதிக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை வெளிப்படையாகவே உள்ளூர் அதிகாரியிடம் கொடுக்கிறது. அந்த விதித்தொகுப்பு மூன்று வருடத்துக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. எல்லா மாநிலங்களும் ஒரே பதிப்பை ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்வதும் இல்லை. இந்த நிலையில் ஒருவர் புதுப் பதிப்பைப் படித்துவிட்டு வருகிறார், இன்னொருவர் பழையதையே மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. பிரிட்டனில் மின் ஆய்வு அறிக்கையில் குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். இப்போதே ஆபத்து என்றால் சி1, ஆபத்தாகக்கூடியது என்றால் சி2, மேம்படுத்தினால் நல்லது என்றால் சி3, மேலும் ஆராய வேண்டும் என்றால் எஃப்ஐ. பழைய பதிப்பின்படி செய்த வயரிங், புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை என்பதாலேயே ஆபத்தானது ஆகிவிடாது என்று அவர்களுடைய வயரிங் விதிகளான பிஎஸ் 7671-இன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறது. எனக்கு இது மிகப் பிடித்த வரி. நான் பார்த்த சண்டைகளில் பாதி, சி3 என்று எழுத வேண்டியதை சி1 மாதிரி எழுதியதால் வந்தவை. அங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020-இல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது மின் ஆய்வு கட்டாயம் ஆனது. சி1, சி2, எஃப்ஐ வந்தால் வழக்கமாக 28 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். ஆய்வு செய்பவரே பழுதும் பார்க்கலாம் என்னும்போது, சி3-ஐ சி2 ஆக்கிவிடும் ஆசை யாருக்கும் வரலாம். ஆனால் தரம் பிரித்து எழுத்தில் இருப்பதால், வீட்டுக்காரர் இன்னொருவரைக் கூட்டி வந்து இதை ஏன் சி2 என்று எழுதினார்கள் என்று கேட்க முடிகிறது. வெறும் 'சரியில்லை' என்ற தாளை வைத்துக்கொண்டு என்ன கேட்பது?

இந்தக் குழப்பத்தால் நேரம் போவதும் பணம் போவதும் ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, இது புதிதாக வரும் பையன்களை என்ன செய்கிறது என்பது. வேலை கற்றுக்கொள்ள வரும் பையன் முதல் மாதம் "இது ஏன்ணே இப்படி?" என்று கேட்கிறான். கொஞ்ச காலம் போனதும், "யாருண்ணே செக் பண்ண வர்றாங்க?" என்று கேட்கிறான். ஆளைப் பார்த்து வேலை செய்வது என்ற பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. ஒருவருக்கு லேபிள் முக்கியம், ஒருவருக்கு எர்த் குழியில் பெயின்ட் முக்கியம், ஒருவருக்கு எதுவுமே வேண்டாம். அவன் அதைத்தான் படிக்கிறான். விதிப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தால், இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது என்கிறான். அவனிடம் என்னால் பதில் சொல்ல முடியாமல் போகும் நாட்கள் இருக்கின்றன; அந்த நாட்களில்தான் இந்தத் தொழிலின் மேலேயே வெறுப்பு வருகிறது.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தோடு ஒரு கடிதம் எழுதி, எந்தப் பதிப்பின்படி செய்கிறேன், எந்தக் கேபிள், ஓட்டையை எதால் அடைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பதில் வராவிட்டாலும் கடிதத்தின் பிரதி கையில் இருக்கும். சுவர் பூசும் முன் ஒவ்வொரு பாக்ஸையும் படம் எடுக்கிறேன். மெக்கர் ரீடிங் (கம்பியின் இன்சுலேஷன் அளவு), ஆர்சிசிபி டிரிப் ஆன நேரம், எர்த் அளவு, அளந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டிபி மூடிக்குள் ஒட்டிவிடுகிறேன். குறை சொன்னால், "சார், எந்தப் பிரிவுன்னு எழுதிக் கொடுங்க, திருத்திவிடுகிறேன்" என்று மரியாதையாகக் கேட்கிறேன். நல்ல ஆய்வாளர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். சிலர், என்னையே கேள்வி கேட்கிறாயா என்று முகம் சுளிக்கிறார்கள். அதற்குப் பயந்து பெரும்பாலான தொழிலாளிகள் கேட்பதே இல்லை. அடுத்த கட்டிடத்துக்கும் அதே ஆள்தானே வரப்போகிறார்.

ஆய்வை ஏற்பாடு செய்யும் அலுவலகங்களில் இதைப் படிப்பவர் யாராவது இருந்தால் ஒன்று கேட்கிறேன். வண்ணம் பூசி, சீலிங் மூடி, விளக்கெல்லாம் எரிந்த பிறகு வருகிறீர்கள். அப்போது கண்ணுக்குத் தெரிவது ஸ்விட்சும் லேபிளும்தான். பைப்பில் எத்தனை கம்பி திணித்திருக்கிறது, ஜாயின்ட் எங்கே போட்டிருக்கிறது, சுவரைத் தாண்டும் இடத்தில் என்ன அடைத்திருக்கிறது என்பதெல்லாம் உள்ளே போய்விட்டது. பூச்சுக்கு முன்னால் ஒரு முறை வாருங்கள். தீயணைப்பிலிருந்தும் மின் துறையிலிருந்தும் ஒரே நாளில் வாருங்கள். அன்று எத்தனை குறை எழுதினாலும் எழுதுங்கள், விதி எண்ணோடு. அந்த நிலையில் ஒரு கேபிளை உருவி மாற்ற எங்களுக்கு அரை நாள் போதும்.